தாய்மாமனுக்கு முதல் பத்திரிகை

நான் தமிழ் டீச்சர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து பால்களைச் சொல்லிக்கொடுத்தே இருபத்தேழு வருடங்களை ஓட்டியிருக்கிறேன். ‘அவர்கள்’ என்றால் பலர் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். மணி அடித்து வெளியே வந்தால் சங்கரன்கோவில் கடைத்தெருவில் ‘அவுக’ என்பது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளுக்குச் சொந்தமாக ஒரு கடை இருக்கும். அந்தக் கடை வாசலில் மூட்டை இறக்குகிறவர்கள் நாலு பேராக நின்றாலும் ஆளுக்கொரு ‘அவன்’தான். இந்த இலக்கணத்தை யாரும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் எங்கள் ஊரில் இதில் யாரும் பெயிலானதும் இல்லை.

நான் பிறந்த வீட்டில் இதெல்லாம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் விசைத்தறிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகியதால் வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவார்கள். “ஏய்யா, சாப்பிட்டியா?” என்பாள் அம்மா. “நீ சாப்பிட்டியா பிள்ள?” என்பார் அப்பா. சண்டை வந்தால் இரண்டு பேருமே ஒரே அளவுக்குக் கீழே இறங்குவார்கள். சமாதானமானால் ஒரே அளவுக்கு ஏறி வருவார்கள். மரியாதை என்று தனியாக ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததாக ஞாபகமில்லை. அதற்கெல்லாம் இடமும் இல்லை, இரண்டே அறைகள்.

நான் படித்து, வேலை வாங்கி, பெயிண்ட் கடைக்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போனேன். எங்கள் ஆட்கள்தான், தூரத்துச் சொந்தம்கூட உண்டு. அவர்களிடம் கடை இருந்தது, எங்களிடம் என் வேலை இருந்தது. போன முதல் வாரமே மாமியார் என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுச் சொன்னார்: “எம்மா, அவனை நீ நான்னு பேசாத. நாலு பேரு வந்து போற வீடு. வாங்க, போங்கன்னு சொல்லிப் பழகிக்கோ.” அன்றைக்கு ஒட்டிய ‘ங்க’ இன்றைக்கு வரை என் வாயில் இருக்கிறது. இதை எழுதும்போதுகூட என் வீட்டுக்காரருக்குத் தானாக ‘அவர்’ வந்து விழுகிறது. அண்ணனுக்கு ‘அவன்’ வருகிறது. பிறந்த வீட்டுப் பழக்கம், மாற்ற மனமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குப் பாடம் எடுத்த மாமியாரை அவர் பெற்ற மூன்று ஆண்பிள்ளைகளும் ‘நீ’ என்றுதான் சொல்வார்கள். மாமனாரை ‘நீங்க’. கேட்டால், அம்மாகிட்ட பாசம் ஜாஸ்தி, அதான் என்பார்கள். அந்தப் பாசம் தனக்குக் கிடைக்கவில்லையே என்று மாமனார் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. சாமியையும் நீ என்போம், அம்மாவையும் நீ என்போம். இரண்டு பேரும் எவ்வளவு வேலை பார்த்தாலும் சம்பளம் கேட்காதவர்கள்.

என் விஷயத்தில் கொஞ்சம் குழப்பம் உண்டு, நான் சம்பளம் வாங்குகிறவள். அதனால் வீட்டுக்குள் நான் ‘ஏட்டி’. கடையில் யாராவது நின்றால் ‘டீச்சர்’. “டீச்சர்ட்ட கேளுங்க, சொல்லுவாங்க” என்பார் என் வீட்டுக்காரர், யாரோ பெரிய இடத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்வதைப் போல. வந்த ஆள் படியிறங்கிப் போனதும், “ஏட்டி, அந்தச் சாவியை எங்க வச்ச?” வாசல் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல். எனக்கு இதில் கோபம் வராமல் இல்லை. வரும், ஆனால் அந்தக் கோபத்தையும் ‘ங்க’ போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதில் பாதிக் கோபம் கரைந்துவிடும்.

என் அண்ணன் பெயிண்டர். கரிவலம்வந்தநல்லூரில் இருக்கிறான். இங்கே சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு வேலை செய்கிறான். பெயிண்டும் பட்டியும் தூரிகையும் வாங்க எங்கள் கடைக்குத்தான் வர வேண்டும். காலையில் எட்டு மணிக்குக் கடை முன்னால் ஐந்தாறு பெயிண்டர்கள் நிற்பார்கள். என் வீட்டுக்காரர் எல்லாரையும் ஒரே மாதிரிதான் கூப்பிடுவார். “ஏலே, வாலே. என்ன கலரு?” என்பார். வயதில் மூத்தவராக இருந்தாலும் “வாய்யா” என்பதற்கு மேல் ஏறமாட்டார். அந்த வரிசையில் என் அண்ணனும் நிற்பான். முறைப்படி அவருக்கு அவன் மச்சான், அதுவும் வயதில் மூத்தவன். ‘வாங்க மச்சான்’ என்று சொல்ல வேண்டும்.

சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் ஏலே என்று கூப்பிடவும் முடியவில்லை. என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த வழியை நான் ஒரு தமிழ் டீச்சராக வியந்திருக்கிறேன். “வந்தாச்சா?” என்பார். “வேலை இந்தப் பக்கம் போலிருக்கே?” என்பார். “டீ குடிக்கலாமா?”, “அந்த டின்னை எடுத்துக்கிடலாம்.” யார் வந்தது, யார் குடிப்பது, யார் எடுப்பது, எதுவும் இருக்காது. அண்ணன் இல்லாத நேரத்தில் அவனைப் பற்றிச் சொல்ல ‘வந்தாப்ல, போனாப்ல’ இருக்கவே இருக்கிறது. வந்தார் என்று சொன்ன மாதிரியும் இருக்கும், வந்தான் என்று சொன்ன மாதிரியும் இருக்கும். இப்படியே இருபத்தைந்து வருடம், ஒரு தடவைகூட வழுக்காமல் பேசியிருக்கிறார். என் வகுப்புப் பிள்ளைகளை இப்படி ஆளைச் சொல்லாமல் ஒரு பக்கம் கட்டுரை எழுதச் சொன்னால் நாலு வரியில் நாக்குத் தள்ளிவிடும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “பெயிண்ட் கம்பெனியிலேருந்து வாரானே, நேத்து மீசை முளைச்ச பையன், அவனை வாங்க சார்ங்கிய. எங்க அண்ணனைச் சொல்ல வாய் வரமாட்டேங்குதே?”

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை. “ஏட்டி, எனக்கு மரியாதை இல்லாம இல்ல. ஆறு பேரு நிக்கையில ஒருத்தரை மட்டும் வாங்கன்னு எப்படிச் சொல்லுதது? மத்த அஞ்சு பேரும் நாளைக்கு நாற்காலி போடச் சொல்லுவான்.”

ஆக, என் அண்ணனுக்குக் கிடைக்காத ஒரு ‘ங்க’வால்தான் கடையில் ஐந்து நாற்காலி மிச்சமாகிக்கொண்டிருந்தது.

போன வருடம் எங்கள் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை வீடு ராயகிரி. தோப்பும் வயலுமாக இருக்கிற குடும்பம். பத்திரிகை அடித்து வந்தது. எங்கள் வழக்கத்தில் கோயிலில் வைத்துக் கும்பிட்ட பிறகு முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகப் போக வேண்டும். தட்டில் பழம், வெற்றிலைபாக்கு, பூ வைத்து, வீட்டு ஆண்பிள்ளை தன் வாயால் அழைக்க வேண்டும். பத்திரிகையில் பெயர் போட்டிருப்பதெல்லாம் கணக்கில் வராது. வாயால் கூப்பிடவில்லை என்றால் கூப்பிடவில்லை. அப்படி விட்டுப்போன ஒரு வார்த்தையால் அண்ணன் தம்பிகள் பேச்சு வார்த்தை இல்லாமல் ஒரே தெருவில் வாழ்ந்து செத்திருக்கிறார்கள்.

நாங்கள் போவதற்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, போன் செய்தாள். அண்ணனைப் பற்றி எப்போதும் அஃறிணையில்தான் பேசுவாள். ‘அது வந்துச்சு, அது தூங்குது’ என்பாள். அதில் இருக்கிற பிரியம் என்னுடைய ‘அவுக’வில் கிடையாது.

“ஏ பிள்ள, நான் சொல்லுதேன்னு நெனைக்காத” என்றாள். “உன் மக சடங்குக்கு உங்க அண்ணன் சீர்த்தட்டோட வந்து நின்னுச்சு. உன் வீட்டுக்காரரு வந்தாச்சான்னாரு. அது ஒண்ணும் சொல்லலை. செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டுச் சாப்பிட்டுட்டு வந்துட்டு. இந்தத் தடவை அப்படி வராது. உன் வீட்டுக்காரரு அது மூஞ்சியைப் பாத்து மச்சான், வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னா வரும். இல்லைன்னா சீரு வரும், ஆளு வராது.”

மணவறைக்குப் பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டி வருவது தாய்மாமன். அவன் வராவிட்டால் ராயகிரிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்பா இல்லை, அம்மா இல்லை. நான் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான். என் மகள் கல்யாணத்தில் என் பக்கத்து ஆள் என்று யாருமே நிற்காமல் போய்விடுமோ என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்காரருக்கு டியூஷன் எடுக்கப் போனேன்.

“எங்க, சொல்லுங்க பாப்போம். மச்சான், வாங்க.”

“எனக்குத் தெரியாதா?”

“தெரியும். சொல்லிக் காட்டுங்க.”

சாப்பாட்டு மேஜைக்கு எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து, “மச்சான், வாங்க” என்றார். அழகாக வந்தது. நாற்காலி பெயிண்டர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் போனோம். அண்ணன் வீட்டு முற்றம் தெளித்துக் கூட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிப் போட்ட இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வாசலிலேயே நின்றான். “வாங்க மாப்ள, வாங்க” என்றான். அவனுக்கு அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்துக்கொண்டே நான் தட்டோடு இறங்கினேன்.

உட்கார்ந்தோம். மதினி கலர் சோடா உடைத்துக் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் மழை பெய்யாததைப் பற்றிப் பேசினார், ரோட்டைப் பற்றிப் பேசினார். நான் தொண்டையைச் செருமினேன். அவர் எழுந்தார். நானும் எழுந்து தட்டை அவர் கையோடு சேர்த்துப் பிடித்தேன். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே நின்றான்.

“கல்யாணம் வச்சிருக்கு” என்றார் என் வீட்டுக்காரர். “தெரிஞ்சதுதான். அப்ப, வந்து... எல்லாரும் வந்துரணும்.”

அண்ணன் கையை நீட்டவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் முழங்கையால் அவரை இடித்தேன். அவருக்கு வியர்த்தது. சட்டென்று மதினி பக்கம் திரும்பி, “நீ பிள்ளைகளைக் கூட்டிட்டு முந்தின நாளே வந்துரு” என்றார். பெண்ணிடம் சொல்ல அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

“நான் வாரேன் அண்ணாச்சி” என்றாள் மதினி. “பத்திரிகை யாருக்கு வச்சிருக்கிய?”

“இந்த வீட்டுக்குத்தான்.”

ஆளைக் கூப்பிடச் சொன்னால் மனிதர் கட்டடத்தைக் கூப்பிட்டுவிட்டார். அண்ணன் தட்டை வாங்கினான். கண்ணில் ஒற்றிக்கொண்டு டிவி பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். “சரி மாப்ள” என்றான். வருகிறேன் என்று சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் போன் அடித்தது. “சொல்லுங்க சார், சொல்லுங்க” என்று பேசிக்கொண்டே காருக்குப் பக்கத்தில் போய்விட்டார். மூச்சுக்கு மூன்று ‘ங்க’ போட்டார். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று இருந்தது.

அண்ணன் பின்னால் குழாயடிக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன்.

“அண்ணே, அவுகளுக்கு வாய் வராது. அவுக அப்படித்தான், இனி மாறப்போறதில்ல. நான் கூப்பிடுதேன். எனக்காக வா.”

அவன் கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டான். அவசரப்படவில்லை. “மாப்ளயைக் குத்தம் சொல்லாதிய” என்றான். “அவரு என்னைய வாங்கன்னு சொன்னதில்ல, நெசந்தான். ஆனா யாராவது கேட்டா, எங்க வீட்டு ஆளுக்கு அண்ணன்னு சொல்லுவாரு. கடையில நிக்கிற அஞ்சு பேருக்கும் நான் யாருன்னு தெரியும். அவரு என்னைய யாரோன்னு சொன்னதில்ல.”

நான் குழாயை இறுக்கி மூடினேன்.

இதுவரை நான் எழுதாமல் மறைத்த ஒன்றை இப்போது எழுத வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த வேலையை அண்ணனுக்குச் சொல்லிவிட்டதே நான்தான். தலையில் துண்டைக் கட்டி, கைலியை மடித்துக்கட்டி, அவன் ஏணியில் நின்று அடித்துக்கொண்டிருந்தான். நானும் தலைமையாசிரியையும் வராந்தாவில் நடந்து வந்தோம். அவர் அண்ணாந்து பார்த்து, “யார் டீச்சர் இது? உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?” என்று கேட்டார். வெளியூர்க்காரர், புதிதாக வந்தவர், எங்கள் கடையையும் காரையும் பார்த்திருப்பவர். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் சொன்னேன்: “எங்க கடைக்கு வர்ற பெயிண்டர் மேடம். நல்லா அடிப்பான்.”

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அண்ணன் என்று சொல்லியிருந்தால் என் சம்பளத்தில் ஒரு பைசா குறைந்திருக்காது. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். கூடப் பிறந்தவனைப் பார்த்து வெட்கப்பட்டேன். மேலே தூரிகை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவன் காதில் விழவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

குழாயடியில் நிற்கும்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. ‘சொல்லாதிய’ என்றான் அண்ணன். சின்ன வயதிலிருந்து அவன் என்னை ஏட்டி, வாட்டி, போட்டி என்று தவிர வேறு சொன்னதில்லை. அந்த இரண்டு வருடமாகத்தான் ‘வாங்க’ என்றும் ‘சாப்பிட்டியளா’ என்றும் கேட்டுக்கொண்டிருந்தான். சில நேரம் ‘டீச்சர்’ என்றும் சொல்வான். நான் அதைக் கவனிக்காமல் இல்லை. அண்ணனுக்கு வயதாகிறது, தங்கச்சி வேலையின் மதிப்புத் தெரிந்துவிட்டது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வருடம் தமிழ் நடத்தியவளுக்கு அது மரியாதை இல்லை, விலக்கி வைத்தது என்று தெரியவில்லை.

“அண்ணே, நான் செஞ்சது தப்பு” என்றேன். “என்னைய ஏட்டின்னு கூப்பிடு. ஏசக்கூடச் செய்.”

அவன் ஏசவில்லை. “கல்யாணத்துக்கு உங்க ஹெச்.எம். வருவாவல்லா?” என்று கேட்டான்.

“வருவாங்க.”

“நான் யாருன்னு கேட்டா என்ன சொல்லுவிய?”

“அண்ணன்னு சொல்லுவேன்.”

“அப்பச் சரி. வாரேன்.”

கல்யாணத்தன்று காலையில் அண்ணன் சீர்த்தட்டுகளோடு மண்டபத்துக்குள் நுழைந்தான். மாப்பிள்ளையின் அப்பா, ராயகிரிக்காரர், நாற்காலியை விட்டு எழுந்து நின்று, “தாய்மாமனா? வாங்க, வாங்க” என்று இரண்டு கையும் கூப்பினார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் பின்தங்கிவிடுவாரா? “வாங்க மச்சான், வாங்க” என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொல்லி, தோளில் கைபோட்டுக் கூட்டி வந்தார். இருபத்தைந்து வருடமாக வராத வார்த்தை, சம்பந்தி ஒரு தரம் எழுந்து நின்றதும் வந்துவிட்டது. அண்ணனும் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. “இருக்கட்டும் மாப்ள” என்று சிரித்தான். இன்றைக்கு இரண்டு பேரும் கடைக்குள் எதிரெதிரே உட்கார்ந்துதான் டீ குடிக்கிறார்கள். மற்ற ஐந்து பேரில் யாரும் நாற்காலி கேட்கவில்லை.

அவன் என் மகளைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டி வந்தான். தலைமையாசிரியை முன்வரிசையில் இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“டீச்சர், இவரு நம்ம ஸ்கூல்ல பெயிண்ட் அடிச்ச ஆள்தானே?”

“ஆமா மேடம். எங்க அண்ணன். என்கூடப் பிறந்த அண்ணன். அன்னைக்கு உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்.”

நாதஸ்வரத்துக்கு மேலே கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். பின்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தலைமையாசிரியை முகம் மாறியது. “அப்படியா? தெரியாமப் போச்சே. அத்தனை நாள் வேலை பாத்தாங்க, ஒரு நாள்கூட நான் அவங்களை உட்காருங்கன்னு சொல்லலையே” என்றார். அண்ணன் மேடையில் நாலடி தூரத்தில் நின்றான். அவன் காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். அன்றைக்கு ஏணியில் இதைவிட உயரத்தில் நின்றவனுக்கே கேட்டிருக்கிறது.

தாலி கட்டி முடிந்து அவன் மேடையிலிருந்து இறங்கி வந்தான். நான் படிக்குக் கீழேயே நின்றேன். கூட்டத்தில் யார் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், நகரவில்லை. ஒரே ஒரு ‘ட்டி’ போதும் என்று இருந்தது. கோபமாகச் சொன்னாலும் போதும். அவன் எனக்கு எதிரே வந்து நின்று, தோளில் ஒட்டியிருந்த அட்சதையைத் தட்டிவிட்டான்.

“பந்தி போட்டாச்சு. உங்க ஸ்கூல் ஆளுகல்லாம் நிக்காவ பாருங்க” என்றான். “போய்க் கவனிங்க டீச்சர்.”

நான் போய்க் கவனித்தேன்.